பாசி டயர், உருண்டை டயர், பஞ்சர் ஆகாத டயர்

2018 ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் குட்இயர் நிறுவனம் வைத்திருந்த ஒரு டயரின் பக்கவாட்டில் உயிருள்ள பாசி வளர்ந்திருந்தது. பெயர் ஆக்சிஜீன். சாலையில் கிடக்கும் ஈரத்தைப் பட்டன், அதாவது தரையைத் தொடும் மேல் ரப்பர், வழியாக உறிஞ்சிப் பாசிக்குக் கொடுக்கும். பாசி ஒளிச்சேர்க்கை செய்து நகரத்துக் காற்றைச் சுத்தமாக்கும். பாரிஸ் அளவுள்ள ஒரு பெருநகரில் ஓடும் 25 லட்சம் வண்டிகளுக்கும் இதை மாட்டினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 டன் ஆக்சிஜன் கிடைக்கும், 4,000 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்று நிறுவனமே ஒரு கணக்கும் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படத்தோடு போட்டன.

அந்தக் கணக்கை ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம். 40 லட்சம் கிலோவை 25 லட்சம் வண்டிக்குப் பங்கிட்டால், ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு 1.6 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியே வருவது சுமார் 2.3 கிலோ. ஆக, நாலு சக்கரத்திலும் வருஷம் முழுக்கப் பாசி வளர்த்துக் காப்பாற்றினால் மிஞ்சுவது முக்கால் லிட்டர் பெட்ரோல்கூட இல்லை. அந்தப் பாசியின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். சாதாரணக் கார் டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 சுற்று சுற்றுகிறது. நடு அச்சிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவும் தன் எடையைப்போல் இருநூறு மடங்கு விசையில் வெளியே இழுபடும். பாறையிலும் மதில்மேலும் சும்மா உட்கார்ந்திருந்து பழகிய செடி அது.

கண்காட்சிக்கென்றே செய்யும் கான்செப்ட் டயர்களைப் பார்க்கும்போது இந்த மாதிரி வகுத்தலும் பெருக்கலும் செய்துகொள்வது நல்ல பழக்கம். பாதி டயர்கள் பள்ளிக்கூடக் கணக்கிலேயே விழுந்துவிடும். விழாமல் நிற்பவைதான் பேச வேண்டியவை.

இன்னும் இரண்டை வேகமாகப் பார்த்துவிடலாம். 2015-ல் அதே நிறுவனம் பிஎச்03 என்று ஒன்று வைத்தது: டயர் சூடாவதிலிருந்தும் நசுங்கி விரிவதிலிருந்தும் மின்சாரம் எடுத்து மின்காரின் பேட்டரிக்குக் கொடுக்குமாம். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது நாலு டயரும் சேர்ந்து வெப்பமாக வீணாக்கும் சக்தி சுமார் 3.7 கிலோவாட். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் டயரின் சூடு 60 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால், எவ்வளவு கெட்டிக்காரக் கருவி வைத்தாலும் அந்த வெப்பத்தில் 9 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயற்கையே விடாது. நடைமுறையில் வெப்பத்தை மின்சாரமாக்கும் சில்லுகள் அதிலும் ஒரு சின்னப் பங்கைத்தான் எடுக்கும். ஒரு சதவீதம் கிடைத்தால் 37 வாட். ஓடுவதற்கு 15 கிலோவாட் கேட்கும் வண்டிக்கு ஒரு குண்டு பல்பின் மின்சாரம். நசுங்குவதிலிருந்து எடுக்கலாமே என்றால், அப்படி எடுக்க டயர் கூடுதலாக நசுங்க வேண்டும். அந்தக் கூடுதல் இழப்பை மோட்டார்தான் கட்ட வேண்டும். ஆனாலும் இந்த யோசனை முழுக்க வீணில்லை. டயருக்குள்ளேயே ஒட்டப்படும் சென்சாருக்கு வேண்டியது மில்லிவாட் கணக்கில்தான். அதற்கு இது போதும்.

அடுத்தது 2016-ல் வந்த ஈகிள்-360, பந்துபோல் உருண்டை டயர். கார் அதன்மேல் காந்த விசையில் மிதக்கும். எந்தத் திசையிலும் நகரும். பார்க்கிங் இடுக்கில் பக்கவாட்டில் நுழையும். காந்தத்தை விடுங்கள், ரப்பரை மட்டும் எடை போடுவோம். 205/55 ஆர் 16 என்ற வழக்கமான அளவுக் கார் டயரின் பட்டன் பரப்பு மூன்றில் ஒரு சதுர மீட்டர், 8 மி.மீ. தடிமனில் அந்த ரப்பர் 3 கிலோ. 60 செ.மீ. விட்டமுள்ள பந்தின் பரப்பு 1.13 சதுர மீட்டர். அதே தடிமனில் பட்டன் மட்டும் 10 கிலோ. சாதாரண டயர் முழுசாகவே அவ்வளவுதான் இருக்கும். அதோடு, காந்தத்தில் மிதக்கும் பந்து ஒரு பள்ளத்தில் விழும்போது கார் எடையின் பல மடங்கு அதிர்ச்சியை ஒரு சின்னக் காற்று இடைவெளியைக் கொண்டே தாங்க வேண்டும். மின்சாரம் நின்றால் கார் தரையைத் தொடும்.

இவை எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. கண்காட்சி டயரின் வேலை ஓடுவது இல்லை. டயர்க் கடையில் எல்லா டயரும் கறுப்பு வட்டம்தான். ஒரு நிறுவனத்தின் பெயர் நினைவில் நிற்க வேறு வழி கிடையாது. இந்த விளையாட்டுக்கு வயசும் நிறைய. 1961-ல் இதே குட்இயர் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையில் நியோதேன் என்ற டயரைச் செய்தது. ஒளி ஊடுருவும், எந்த நிறத்திலும் வார்க்கலாம், உள்ளே பல்பு வைத்தால் சக்கரமே எரியும். கோல்டன் சஹாரா 2 என்ற காட்சிக் காரில் மாட்டி ஊர் ஊராகக் காட்டினார்கள். கடைக்கு வரவே இல்லை. ஈரச் சாலையில் பிடிப்பு இல்லை. அழுத்தி பிரேக் பிடித்தால் இளகி உருகியது. டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. ரப்பரில் கலக்கும் கார்பன் கரிதான் தேய்மானத்தைத் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் நிறம் வரும், ஆயுள் போகும். அந்தக் காரைப் புதுப்பித்து 2019 ஜெனீவாவில் மறுபடி எரியும் டயரோடு நிறுத்தினார்கள். 58 வருஷம் கழித்தும் அது காட்சிப் பொருள்தான்.

இப்போது பள்ளிக்கூடக் கணக்கில் விழாத ஒன்றுக்கு வருவோம்: காற்றே இல்லாத டயர்.

இதைப் புரிந்துகொள்ளக் காற்று என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 1,200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் அடிக்கும் 33 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்பது சதுர செ.மீ.க்கு சுமார் 2.3 கிலோ. 300-ஐ 2.3-ஆல் வகுத்தால் 130 சதுர செ.மீ. உங்கள் உள்ளங்கை அளவு இடம்தான் தரையைத் தொடுகிறது. அந்த அளவை முடிவு செய்வது பெரும்பாலும் காற்றழுத்தமே. சுமை கூடினால் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டி அடித்துக்கொள்கிறோம், டயரின் விறைப்பு உடனே மாறிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, காற்று அமுங்கி விரியும்போது சக்தி ஏறக்குறைய வீணாவதே இல்லை. டயரில் வீணாவதெல்லாம் ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலும் வளைவதில்தான். 30 லிட்டர் கொள்ளளவுள்ள டயரில் அடைத்திருக்கும் காற்றின் எடை 120 கிராம் அளவு. விலை அநேகமாக ஒன்றுமில்லை. தேயாது, களைக்காது, துருப்பிடிக்காது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் காப்புரிமை எடுத்ததும், 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் மறுபடி கண்டுபிடித்ததும் இந்தப் பொருளைத்தான். இதற்கு மாற்றாக வருவது எதுவானாலும் எடையிலும் விலையிலும் தோற்றபடிதான் ஓட்டத்தைத் தொடங்குகிறது. அதன் ஒரே ஆயுதம், ஆணி குத்தினால் காற்று போய்விடும் என்பது.

மிஷலின் 2005 டெட்ராய்ட் கண்காட்சியில் ட்வீல் என்று ஒன்றைக் காட்டியது. டயரும் வீலும் ஒன்றானது என்பதால் அந்தப் பெயர். நடுவில் உலோக ஹப், அதைச் சுற்றி வளையக்கூடிய பாலியூரிதேன் ஆரக்கால்கள், வெளியே ஒரு பட்டை, அதன்மேல் பட்டன். பலரும் நினைப்பதுபோலக் கீழே இருக்கும் ஆரக்கால்கள் தூண்போல நின்று எடையைத் தாங்குவதில்லை. அவை துவண்டு மடங்கிவிடும். எடை தொங்குவது மேலே இருக்கும் ஆரக்கால்களில். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளும் இதே மாதிரி இழுவிசையில்தான் வேலை செய்கின்றன. இப்படித் தொங்கவிட வெளிப்பட்டை தன் வளையத்தை விடாமல் நிற்க வேண்டும், அதே நேரம் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகவும் வேண்டும். அதற்கு நீளாத இரண்டு பட்டைகளை வைத்து, நடுவில் ரப்பரை வைத்தார்கள். தடிமனான புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குமே, அந்த வழுக்கலை நடுவிலுள்ள ரப்பர் தாங்கிக்கொள்ளும். தரையில் அழுத்தம் ஒரே சீராக விழுவது இதனால்தான். காற்று செய்த வேலையில் கடினமான பாதியை இந்தப் பட்டை செய்கிறது. என் கண்ணுக்கு ட்வீலில் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். படங்களில் எல்லோரும் பார்ப்பது ஆரக்காலை.

எங்கே சிக்கியது? முதல் இடம் சத்தம். ஒவ்வொரு ஆரக்காலும் தரைப்பக்கம் வரும்போது துவள்கிறது, தாண்டியதும் படக்கென்று விறைக்கிறது. ஒரு சக்கரத்தில் அறுபது ஆரக்கால் என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 சுற்று, அதாவது 840 தட்டு. மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி அது. முதல் ட்வீல்கள் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போனால் கடுமையாக அதிர்ந்தன. சாதாரண டயரிலும் இந்தத் தொல்லை உண்டு. பட்டன் கட்டிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் டயர் விசில் அடிக்கும். அதனால்தான் கவனித்துப் பார்த்தால் கட்டிகள் நீளமும் குட்டையுமாகக் கலைந்திருக்கும். ஆரக்காலில் அப்படிக் கலைத்தால் விறைப்பு இடத்துக்கு இடம் மாறி வேறு அதிர்வு கிளம்பும்.

இரண்டாவது களைப்பு. இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 50,000 கி.மீ. ஓட 2.5 கோடி முறை சுற்ற வேண்டும். அத்தனை முறையும் ஒவ்வொரு ஆரக்காலும் மடங்கி நிமிர வேண்டும், மே மாதத் தார்ச்சாலையின் சூட்டிலும். வளையும் பொருள் தானும் சூடாகும், சூடானால் இளகும், இளகினால் இன்னும் வளையும். வேகமும் சுமையும் சேரும்போது இந்தச் சுழல் கைமீறிப் போகும்.

மூன்றாவது, திறந்த பக்கவாட்டில் சேரும் குப்பை. ஆரக்கால் இடுக்கில் 50 கிராம் சேறோ கல்லோ மாட்டிக்கொண்டால், 25 செ.மீ. ஆரத்தில், 100 கி.மீ. வேகத்தில், அது 10 கிலோ விசையில் நொடிக்கு 14 முறை சக்கரத்தைப் பிடித்து உலுக்கும். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் வீல் பேலன்சிங்கில் 5 கிராம் ஈயத்துக்கு அலைகிறோம் என்பதை நினைத்தால் 50 கிராம் எவ்வளவு என்று புரியும். பக்கவாட்டை மூடிவிட்டால் சூடு வெளியேற இடமில்லை.

நான்காவதை அதிகம் பேசுவதில்லை. காற்றடித்த டயரை ஆளுக்கும் சுமைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். காற்றில்லா டயரின் விறைப்பு ஆலையிலேயே முடிவாகிவிடும். ஒருவர் மட்டும் போனால் குலுக்கல். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் தொய்வு. நடுவில் ஏதோ ஓர் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அதனால் ட்வீல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், கண்காட்சியில் யாரும் நினைக்காத இடத்தில். 2012-ல் ஸ்கிட் ஸ்டியர் என்ற குட்டி மண்வாரி இயந்திரத்துக்கு விற்பனைக்கு வந்தது. 2014-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீட்மண்ட் என்ற ஊரில் அதற்கென்றே ஓர் ஆலை திறந்தார்கள். புல்வெட்டும் வண்டிகளுக்கும் போனது. கட்டடம் இடிக்கும் இடம், பழைய இரும்புக் கிடங்கு — கம்பியும் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும் இடங்கள். வேகம் மனிதன் ஓடும் வேகம்தான், ஆகவே சத்தமும் சூடும் பிரச்சினையே இல்லை. பஞ்சரோ வாரம் ஒன்று. ஒரு பஞ்சருக்கு இயந்திரம் நிற்கும் நேரத்தில் ஆகும் நஷ்டம், டயரின் கூடுதல் விலையைவிடப் பெரிசு. கார் டயராகப் பிறந்தது மண்வாரியில் வாழ்க்கைப்பட்டுவிட்டது என்று சிரிக்கலாம். ஆனால் பணம் கொடுத்து வாங்குபவர் கிடைத்த இடம் அது.

இதற்கும் முன்னாலேயே காற்றில்லாச் சக்கரம் ஓடியிருக்கிறது, நிலாவில். 1971 முதல் அப்போலோ ரோவரில் இருந்தது துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி வலைச் சக்கரம், மேலே டைட்டானியம் தகடுகள். அப்போலோ 17-ல் அது மொத்தமாக ஓடிய தூரம் சுமார் 36 கி.மீ. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குக்கூட வராது. நிலாவில் ஓடியதைக் காரில் ஓட்ட முடியாதா என்று கேட்பவர்களுக்கு இந்த எண் பதில் சொல்லும்.

மிஷலின் விடவில்லை. 2019 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து அப்டிஸ் என்ற அடுத்த தலைமுறையை மாண்ட்ரியலில் அறிவித்தது. பாலியூரிதேனை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை சேர்ந்த ரப்பர்-பிசின் ஆரக்கால்களுக்கு மாறியிருந்தது. வளையும் கண்ணாடி இழை களைப்பைத் தாங்கும், குறைவாகச் சூடாகும். உலகத்தில் வருஷத்துக்கு 20 கோடி டயர்கள் பஞ்சர், வெடிப்பு, காற்றுக் குறைவு காரணமாக ஆயுள் முடியுமுன்னே தூக்கி எறியப்படுகின்றன என்பது அவர்கள் முன்வைத்த வாதம். செவ்ரலே போல்ட் மின்காரில் ஓட்டிப் பார்த்தார்கள். 2024-லேயே பயணிகள் காரில் வரக்கூடும் என்றார்கள்.

2024 வந்தது, போனது. ஷோரூமில் அப்டிஸ் மாட்டிய காரை யாரும் வாங்கவில்லை. ஆனால் 2023-ல் சிங்கப்பூரில் டிஎச்எல் விநியோக வேன்களிலும், பிறகு பிரான்சின் வடக்கே லா போஸ்ட் அஞ்சல் வேன்களிலும் ஓடத் தொடங்கியது. வேனைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருக்கிறது. நகர வேகம். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சுமை. ராத்திரி ஒரே கொட்டகைக்குத் திரும்பும் வண்டி, அதனால் நூறு வண்டியின் டயரையும் ஒரே ஆள் சோதிக்கலாம். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கிப் பக்கச்சுவர் கிழிவது அன்றாடம். மண்வாரியின் கதையே கொஞ்சம் வேகமாக மறுபடி நடக்கிறது. மற்றவர்களும் இதே சரிவில்தான் உருள்கிறார்கள். குட்இயரின் காற்றில்லா டயர் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஓட்டுநரில்லா ஷட்டில் வண்டிக்கும், வேறு ஊரில் பார்சல் தூக்கும் குட்டி ரோபோக்களுக்கும் போனது. 2011 டோக்கியோ கண்காட்சியில் காட்டிய பிரிட்ஜ்ஸ்டோன், ஜப்பானின் வயசானவர்கள் வாழும் சிற்றூர்களில் 20 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் மின்வண்டிகளைக் குறிவைத்திருக்கிறது.

எல்லாத் தொழில்நுட்பத் தொல்லையும் தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு காகிதச் சுவர் இருக்கிறது. ஐ.நா.வின் 30-ஆம் எண் விதி, அமெரிக்காவின் 139-ஆம் எண் தரநிலை, இந்தியாவின் ஐ.எஸ். 15633, எல்லாவற்றின் தலைப்பிலேயே காற்றடைத்த டயர் என்றுதான் இருக்கிறது. அவற்றில் வரும் சோதனைகளில் ஒன்று டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழல எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது. ரிம்மோடு ஒட்டியே பிறக்கும் சக்கரத்தில் எதைக் கழற்றுவது? சோதிக்க விதி இல்லாத பொருளுக்குச் சான்றிதழ் எப்படி? நம் நாட்டில் 2009 ஆணைப்படி காற்றடைத்த டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், காற்றில்லாததற்குப் புதிதாக எழுத வேண்டும். விதி எழுத ஓட்டிய அனுபவம் வேண்டும். ஓட்ட விதி வேண்டும். வேன் சோதனைகள் இந்த முடிச்சையும் அவிழ்க்கத்தான்.

காகிதத்தையும் தாண்டினால் பஞ்சர்க் கடை இருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம், மிஷலினின் இன்னொரு படைப்பான பேக்ஸ். 1990-களின் கடைசியில் வந்தது. டயருக்குள் ஒரு வளையம். காற்று முழுக்கப் போனாலும் அந்த வளையத்தின்மேல் அமர்ந்து 80 கி.மீ. வேகத்தில் 200 கி.மீ. வரை போகலாம். தொழில்நுட்பம் வேலை செய்தது, நன்றாகவே செய்தது. அமெரிக்காவில் ஹோண்டா ஒடிஸி டூரிங் முதல் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டம், புகாட்டி வேரான் வரை போனது. ஆனால் அதற்குத் தனி ரிம் வேண்டும். கழற்றி மாட்டத் தனி இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் வைத்திருந்த கடைகள் சொற்பம். பஞ்சர் ஆனவர்கள் 200 கி.மீ. சொகுசாகப் போய், அங்கே ஒட்டுவதற்கு ஆள் இல்லாமல் நின்றார்கள். மாற்று டயர் விலையும் வேறு போட்டி இல்லாததால் இறங்கவில்லை. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2000-கள் முடியுமுன் புதிய கார்களுக்கு அதைச் செய்வதை நிறுவனம் விட்டுவிட்டது. அதே காலத்தில், பக்கச்சுவரை மட்டும் தடிமனாக்கிச் சாதாரண ரிம்மிலேயே உட்காரும் ரன்-ஃப்ளாட் டயர் பிழைத்துக்கொண்டது. அது கனம், குலுக்கும், காற்று போனபின் 80 கி.மீ.தான் ஓடும். பேக்ஸைவிடச் சாதாரணமான பொருள். ஆனால் எந்தக் கடையிலும் மாட்டலாம்.

ஆணி குத்திய இடத்தைத் தானே அடைத்துக்கொள்ளும் டயர்களும் அப்படியே. உள்சுவரில் பிசுபிசுப்பான ஒரு பூச்சு, 5 மி.மீ. வரை துளையை அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதோடு காற்றழுத்தச் சென்சாரும் சேர்ந்து என்ன செய்தன தெரியுமா? 2020-ல் இந்திய மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டு, டியூப்லெஸ் டயரும் அழுத்தச் சென்சாரும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆனது. காற்றில்லா டயர் வராமலேயே ஐந்தாவது சக்கரம் காணாமல் போகத் தொடங்கிவிட்டது. காற்றில்லா டயருக்கு இது கெட்ட செய்தியும்கூட. பஞ்சர் என்ற பயம் குறையக் குறைய அதன் ஒரே ஆயுதமும் மழுங்குகிறது.

கடந்த நாற்பது வருஷத்தில் கார் டயரில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் 1992-ஐச் சொல்வேன். எந்த மேடையிலும் சுழலவிட்டுக் காட்ட முடியாத மாற்றம்: கார்பன் கரிக்குப் பெரும்பகுதி பதிலாக, மணலில் இருக்கும் பொருளான சிலிக்கா. டயர் ரப்பரில் ஓர் இழுபறி உண்டு. எளிதாக உருள வேண்டுமென்றால் ரப்பர் சக்தியை விழுங்கக் கூடாது. ஈரச் சாலையில் பிடிக்க வேண்டுமென்றால் விழுங்க வேண்டும். ஆனால் உருள்வது நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை நடக்கும் அசைவு. சாலையின் நுண்ணிய முட்களில் ரப்பர் பிடிப்பது நொடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கும் அசைவு. முதலாவதில் குறைவாகவும் இரண்டாவதில் அதிகமாகவும் விழுங்கும் ரப்பரை சிலிக்காவால் செய்ய முடிந்தது. அதற்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. சிலிக்காவுக்கும் ரப்பருக்கும் ஒட்டாது. இரண்டையும் கோக்க சிலேன் என்ற வேதிப்பொருள் வேண்டும். கலக்கும்போது சூடு குறைந்தால் சிலேன் வேலை செய்யாது, 160 டிகிரியைத் தாண்டினால் கலவை பொரிந்துபோகும். சிலிக்கா மின்சாரம் கடத்தாது என்பதால் காரில் நிலைமின்சாரம் தேங்கியது. அதற்காகப் பட்டன் நடுவே சுற்றிலும் ஒரு மெல்லிய கார்பன் ரப்பர்க் கோட்டை ஓட விட்டார்கள், மின்சாரம் தரைக்கு இறங்க. சில புது டயர்களில் உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். இந்த டயரை உலகம் பச்சை டயர் என்று கொண்டாடியது. டயர் ஆலைக்குள் கிரீன் டயர் என்றால் இன்னும் வேகாத டயர் என்று அர்த்தம், அது வேறு.

உள்ளே நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல் ஆரம்போல நேராக ஓடும் ரேடியல் டயருக்கே எவ்வளவு காலம் ஆனது! மிஷலின் காப்புரிமை எடுத்தது 1946. அமெரிக்கக் கார் ஒன்று அதை நிரந்தரமாக மாட்டிக்கொண்டு வந்தது 1970-ல். பழைய குறுக்கு நூல் டயருக்கான இயந்திரங்களில் முதலீடு முடங்கிக் கிடந்தது. கார்களின் சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டியிருந்தது. அவசரமாகப் பழைய இயந்திரங்களிலேயே ரேடியல் செய்யப் போன ஃபயர்ஸ்டோனின் 500 வகை டயரில் எஃகு பெல்ட் ரப்பரை விட்டுப் பிரிந்தது. 1978-ல் சுமார் 1.45 கோடி டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. நல்ல யோசனை, தப்பான அச்சு.

டயரை வேகவைக்கும் அச்சு என்றதும் 2020-ல் குட்இயர் காட்டிய ரீசார்ஜ் என்ற டயர் நினைவுக்கு வருகிறது. சக்கரத்தின் நடுவில் ஒரு கேப்சூல் மாட்டினால், அதிலிருக்கும் திரவக் கலவை போய்ப் பட்டனைப் புதுப்பிக்கும். சிலந்தி நூலைப் பார்த்துச் செய்த இழை அதற்கு வலு கொடுக்கும். கணக்கில் இது பாசியைவிட நல்ல யோசனை. 10 கிலோ டயரில் தேய்ந்து போவது மேலே இருக்கும் ஒன்றரை இரண்டு கிலோதான். மீதி நல்ல நிலையில் இருக்கும்போதே மொத்தத்தையும் எறிகிறோம். சிக்கல் வேறிடத்தில். ரப்பர் கெட்டிப்பட வேண்டுமானால் கந்தகத்தோடு வேக வேண்டும். கார் டயருக்கு அது அச்சுக்குள் 150 முதல் 180 டிகிரியில், நல்ல அழுத்தத்தில், பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. காடியும் கட்டியும் உருவாவது அந்த அச்சின் அழுத்தத்தில்தான். வீட்டு வாசலில் நிற்கும் காரின் டயரில் அச்சும் இல்லை, சூடும் இல்லை. ஊறி வரும் ரப்பர் சுற்றிலும் ஒரே தடிமனில் படியாவிட்டால் முதல் பேலன்சிங்கிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் தேய்ந்த பட்டனை மட்டும் புதுப்பிக்கும் வேலை லாரிப்பேட்டைகளில் தினமும் நடக்கிறது, ரீட்ரெடிங் என்ற பெயரில். மொட்டை டயரைத் தட்டிப் பார்த்து, உள்ளே நூல் பிரிந்திருந்தால் ஓரம் தள்ளுகிறார்கள். தேறியதைச் சுரண்டி, குறித்த வளைவுக்குக் கொண்டுவருகிறார்கள். சுரண்டிய பரப்பு ஈரம் படாமல், தூசி படாமல் சீக்கிரமே பசை பூச வேண்டும். தாமதமானால் பிடிப்பு போய்விடும். அதன்மேல் வேகாத ரப்பர்த் தாள், அதன்மேல் முன்பே வேகவைத்த பட்டன் பட்டை. உறை மாட்டிக் காற்றை உறிஞ்சி, அறைக்குள் தள்ளி, 100 டிகிரிக்குச் சற்று மேலே சில மணி நேரம். நெடுஞ்சாலை ஓரத்தில் உரிந்து கிடக்கும் ரப்பர்ப் பட்டைகளைப் பார்த்து ரீட்ரெட்டைத் திட்டுவார்கள். அவற்றில் பல காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறியவை. புது டயரும் அப்படித்தான் உரியும். விமான டயர்கள்கூடப் பலமுறை இப்படிப் புதுப்பிக்கப்பட்டே தரையிறங்குகின்றன. கார் டயருக்கு இது பரவாததன் காரணம் தொழில்நுட்பம் இல்லை: புதுக் கார் டயர் அவ்வளவு மலிவு, அதன் கூடு அவ்வளவு மெல்லிசு.

அப்டிஸ் மாதிரிச் சக்கரங்கள் உண்மையிலேயே கார்களுக்கு வந்தால், தேய்ந்த பட்டனுக்காக ஹப், ஆரக்கால் எல்லாவற்றையும் சேர்த்து எறிவது யாருக்கும் கட்டாது. அதை லாரி டயரைப்போலத் திரும்பவும் இந்த அறைக்குத்தான் அனுப்பியாக வேண்டும். அப்போது ரீட்ரெடிங் கடைக்காரர் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: கண்ணாடி இழை ஆரக்காலை ஒட்டியிருக்கும் பிசின் 100 டிகிரியில் எத்தனை மணி நேரம் தாங்கும்?